12 வோல்ட், 10 ஆம்பியர்: கரண்ட் லிமிட் சர்க்யூட்டை வெப்பத்திலிருந்து தொடங்குங்கள்

12 வோல்ட் பேட்டரியின் இரண்டு முனையிலும் ஒரு ஸ்பேனர் தெரியாமல் பட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தவர்கள், குறைந்த வோல்டேஜை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஷாக் அடிக்காது, சரி. ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடும், இரும்பு சிவக்கும், வயரின் உறை உருகும். அதே மின்சாரம் உங்கள் போர்டு வழியாகப் போனால் செப்பு டிராக் ஆவியாகிவிடும். இதைத் தடுக்கத்தான் கரண்ட் லிமிட் சர்க்யூட்.

புதிதாக இதில் இறங்குபவர்கள் பெரும்பாலும் "10 ஆம்பியரில் எப்படி நிறுத்துவது?" என்று தொடங்குகிறார்கள். கேள்வியில் தவறில்லை, ஆனால் அது இரண்டாவதாக வர வேண்டியது. முதல் கேள்வி இது: லிமிட் வேலை செய்யும்போது, லோடுக்குப் போகாமல் தடுக்கப்பட்ட வோல்டேஜ் எங்கே விழுகிறது, அந்த வெப்பத்தை யார் தாங்குவது? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் சர்க்யூட்டின் பாதி தானாகவே வரைந்துவிடும். கிடைக்காவிட்டால் எவ்வளவு அழகாக வரைந்தாலும் முதல் ஷார்ட்டிலேயே, கரண்ட்டைத் திறந்து மூடும் வால்வான மாஸ்ஃபெட் போய்விடும்.

நாம் எடுத்துக்கொள்ளும் அளவு: 12 வோல்ட் டி.சி. சப்ளை, லிமிட் 10 ஆம்பியர்.

முதலில் ஒரு பெருக்கல்

அவுட்புட் முழுதாக ஷார்ட் ஆனால் லோடில் வோல்டேஜே இருக்காது. 12 வோல்ட்டும் மாஸ்ஃபெட்டின் மேல் விழும். 12 × 10 = 120 வாட். ஒரு நல்ல சால்டரிங் அயர்ன் தரும் வெப்பத்தைவிட இரண்டு மடங்கு, கட்டைவிரல் நக அளவு சிலிக்கானுக்குள்.

மாஸ்ஃபெட்டின் டேட்டாஷீட்டில் "300 வாட்" என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அது உறையை 25 டிகிரியிலேயே வைத்திருந்தால் மட்டும் பொருந்தும் எண். உண்மையான கணக்கு வெப்பத்தடையை வைத்துப் போடுவது. ஐ.ஆர்.எஃப்.பி 260 என் மாஸ்ஃபெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜங்ஷனிலிருந்து (உள்ளே இருக்கும் சிலிக்கான்) உறைக்கு ஒரு வாட்டுக்கு அரை டிகிரி, கிரீஸ் தடவிய உறையிலிருந்து ஹீட்சிங்க்குக்குக் கால் டிகிரி. ஹீட்சிங்க்கிலிருந்து காற்றுக்கு இன்னொரு அரை டிகிரி என்றால் மொத்தம் 1.25. அதை 120 ஆல் பெருக்கினால் 150. சுற்றுக் காற்று 40 டிகிரி என்றால் ஜங்ஷன் 190 டிகிரி. அதன் உச்ச வரம்பு 175. முடிந்தது கதை.

இரண்டு மாஸ்ஃபெட்டில் பிரித்தால்? ஒவ்வொன்றிலும் 60 வாட். ஃபேன் வைத்த, வாட்டுக்கு 0.4 டிகிரி ஏறும் பெரிய ஹீட்சிங்க்கில் இரண்டையும் பூட்டினால் ஜங்ஷன் சுமார் 133 டிகிரியில் நிற்கும். பிழைக்கும், ஆனால் எப்போதோ ஒருமுறை வரும் ஷார்ட்டுக்காக ஒரு ஃபேனையும் அரைக் கிலோ அலுமினியத்தையும் சுமக்க வேண்டும்.

அதனால் என் தேர்வு வேறு. இரண்டு மாஸ்ஃபெட் இருக்கட்டும், அதோடு ஒரு டைமரும் சேரட்டும். ஷார்ட் ஆனால் 10 ஆம்பியரில் பிடித்து வைத்து, சுமார் 10 மில்லிவினாடி பொறுத்துப் பார்த்து, சரியாகாவிட்டால் முழுதாகத் துண்டித்துவிடுவது. 120 வாட் அவ்வளவு சிறு நேரத்துக்கு வந்தால் மொத்த ஆற்றல் 1.2 ஜூல்தான். ஹீட்சிங்க்குக்குச் செய்தி போய்ச் சேருவதற்குள் வேலை முடிந்துவிடும்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்விட்சாக வேலை செய்யவென்றே வடிவமைத்த இன்றைய மாஸ்ஃபெட்டுகள், பாதி திறந்த நிலையில் நீண்ட நேரம் நின்றால், சிலிக்கானில் ஓரிடம் மற்ற இடங்களைவிடச் சூடாகி, சூடான இடமே இன்னும் அதிகக் கரண்ட்டை இழுத்து, அங்கேயே பொத்துப்போகும். வாட் கணக்கு சரியாக இருந்தாலும் இது நடக்கும். டேட்டாஷீட்டில் பாதுகாப்பான இயக்கப் பகுதி என்றொரு வரைபடம் இருக்கும். அதில் டி.சி. என்று எழுதிய கோடு இல்லாமல் 10 மில்லிவினாடிக் கோட்டோடு நின்றுவிட்டால், அந்த மாஸ்ஃபெட் தொடர்ந்து தாங்கும் என்று யாரும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. டைமர் இருந்தால் அந்த 10 மில்லிவினாடிக் கோடே நமக்குப் போதும்.

கரண்ட்டை அளப்பது

பழைய புத்தகச் சர்க்யூட் ஒன்று உண்டு. சிறிய மின்தடையில் 0.6 வோல்ட் விழுந்ததும் ஒரு டிரான்சிஸ்டர் திறந்து, மாஸ்ஃபெட்டைக் கட்டுப்படுத்தும் காலான கேட்டைக் கீழே இழுக்கும். அரை ஆம்பியருக்கு அருமையான சர்க்யூட். 10 ஆம்பியரில் அந்த 0.6 வோல்ட் என்பது 6 வாட் வீண். 5 வோல்ட் சப்ளையாக இருந்தால் எட்டில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். போதாததற்கு, டிரான்சிஸ்டர் திறக்கும் வோல்டேஜ் ஒவ்வொரு டிகிரிக்கும் 2 மில்லிவோல்ட் குறையும். பெட்டிக்குள் 40 டிகிரி சூடு ஏறினால் லிமிட் 13 சதவீதம் இறங்கிவிடும். அப்புறம் இதே சர்க்யூட்டை வேறொரு வேலைக்கு அழைப்போம், மறந்துவிடாதீர்கள்.

நாம் 50 மில்லிவோல்ட்டில் அளப்போம். ஒவ்வொரு மாஸ்ஃபெட்டின் சோர்ஸிலும் (கரண்ட் வெளியேறும் கால்) ஒரு 10 மில்லியோம் ஷண்ட், அதாவது கரண்ட்டை அளக்க வைக்கும் சிறு மின்தடை. 5 ஆம்பியரில் 50 மில்லிவோல்ட், கால் வாட். மாங்கனின் வகை ஷண்ட், 2 அல்லது 3 வாட் தாங்குவதாக வாங்குங்கள், ஷார்ட்டின் முதல் அடிக்கு அந்தத் தெம்பு தேவைப்படும்.

50 மில்லிவோல்ட் என்று முடிவுசெய்ததும், இரண்டு வோல்டேஜை ஒப்பிட்டுக் கேட்டை ஓட்டும் ஆப்-ஆம்பின் தேர்வும் கூடவே வந்துவிடுகிறது. எல்லோர் டப்பாவிலும் கிடக்கும் எல்.எம் 358 இன் ஆஃப்செட் (ஒப்பிடுவதில் வரும் பிழை) 7 மில்லிவோல்ட் வரை போகலாம். 50 இல் 7 என்றால் 10 ஆம்பியரில் 1.4 ஆம்பியர் பிழை. எல்.டி 1013 போடுங்கள். டி.ஐ.பி. உறையில் கால்கள் அதே வரிசைதான், ஒரே சப்ளையில் வேலை செய்யும், இன்புட் கிரவுண்ட் வரை இறங்கலாம், ஆஃப்செட் மில்லிவோல்ட்டுக்கும் கீழே. ஒரே உறைக்குள் இரண்டு ஆப்-ஆம்ப் இருப்பதால் மாஸ்ஃபெட்டுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்துவிடலாம்.

ஏன் தனித்தனியாக? இரண்டு கேட்டையும் ஒன்றாகக் கட்டி ஒரே ஆப்-ஆம்பில் ஓட்டக் கூடாதா? கூடாது. ஒரே வகை மாஸ்ஃபெட் என்றாலும் ஒன்று 2 வோல்ட்டிலேயே திறக்கும், இன்னொன்றுக்கு 4 வோல்ட் தேவைப்படும். முழுதாகத் திறந்திருக்கும்போது இது பொருட்டில்லை. லிமிட் நிலையில் சீக்கிரம் திறப்பதே எல்லாச் சுமையையும் ஏற்கும், சூடானதும் இன்னும் அதிகமாக ஏற்கும். தனி ஷண்ட், தனி ஆப்-ஆம்ப் என்றால் ஒன்று 5 ஆம்பியரைத் தொட்டதும் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும், மிச்சம் மற்றதன் வழியாகப் போகும்.

செப்புக்கும் தடை உண்டு

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் முதல் போர்டில் நான் பட்டது இதுதான். கணக்கெல்லாம் சரி, ஷண்டோடு ஒப்பிடும் ரெஃபரன்ஸ் வோல்டேஜ் சரியாக 50.0 மில்லிவோல்ட், ஆனால் லிமிட் 8.3 ஆம்பியரிலேயே பிடித்தது. ஆப்-ஆம்பை மாற்றினேன், ஷண்டை மாற்றினேன், எண் அசையவில்லை. கடைசியில் மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஷண்டின் கீழ்க்காலில் ஊன்றி, இன்னொன்றை மேல்காலிலிருந்து டிராக் வழியே மெல்ல நகர்த்தினேன். ஷண்டின் காலிலேயே 42 மில்லிவோல்ட். ஆப்-ஆம்புக்கு அளவுக் கம்பி கிளம்பிய இடத்தில் 50. நடுவில் இருந்தது 20 மில்லிமீட்டர் நீளமும் 5 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒரு சாதாரண டிராக்.

சாதாரண 35 மைக்ரான் செப்பில் ஒரு சதுரத்துக்கு அரை மில்லியோம் தடை. சதுரம் எவ்வளவு பெரிது என்பது முக்கியமில்லை, நீளத்தை அகலத்தால் வகுத்தால் எத்தனை சதுரம் என்று தெரியும். இங்கே நான்கு சதுரம், 2 மில்லியோம். 10 மில்லியோமாக இருக்க வேண்டியது 12 ஆகிவிட்டது. அதோடு செப்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் அளவுக்கு ஏறும் என்பதால், போர்டு சூடாகச் சூடாக லிமிட்டும் நகர்ந்துகொண்டே இருந்தது.

இதற்கு ஒரே வழி, கரண்ட் போகும் பாதையும் அளக்கும் பாதையும் ஷண்டின் காலிலேயே பிரிய வேண்டும். நான்கு கால் ஷண்ட் கிடைத்தால் நல்லது. இரண்டு கால்தான் என்றால், அளவுக் கம்பியை ஷண்டின் பேடுக்கு உட்புறத்திலிருந்து எடுங்கள், கரண்ட் வெளிப்புறமாகப் போகட்டும். ரெஃபரன்ஸின் கிரவுண்டும் இதே விதிக்கு உட்பட்டது: இரண்டு ஷண்டின் கீழ்க்கால்களும் சேரும் அந்த ஒரே புள்ளிக்குத் தனி டிராக்கில் வர வேண்டும்.

இணைப்பது

லிமிட்டரை மைனஸ் பக்கத்தில் வைக்கிறோம், என்-சேனல் மாஸ்ஃபெட்டை ஓட்ட அதுதான் எளிது. சப்ளை பிளஸ் ஒரு 15 ஆம்பியர் பியூஸ் வழியாக நேராக லோடுக்குப் போகிறது. லோடின் மைனஸ் இரண்டு மாஸ்ஃபெட்டின் டிரெயினுக்கும் (கரண்ட் நுழையும் கால்) வருகிறது. சோர்ஸ் ஒவ்வொன்றும் தன் ஷண்ட் வழியாகச் சப்ளை மைனஸில் முடிகிறது. அந்த பியூஸை விட்டுவிடாதீர்கள். மாஸ்ஃபெட் செத்தால் பெரும்பாலும் திறந்த நிலையில் சாகாது, டிரெயினும் சோர்ஸும் ஒட்டிக்கொண்டுதான் சாகும். அப்போது லிமிட்டர் வெறும் கம்பி, காப்பாற்றுவதற்கு பியூஸ் மட்டுமே மிச்சம்.

ரெஃபரன்ஸுக்கு டி.எல் 431, 2.5 வோல்ட். அதிலிருந்து 47 கிலோஓம், அதன் கீழே 1 கிலோஓம் பல சுற்று பிரீசெட். பிரீசெட்டின் நடுக்காலில் 0 முதல் 52 மில்லிவோல்ட் வரை கிடைக்கும், அதாவது 0 முதல் 10.4 ஆம்பியர். நடுக்கால் இரண்டு ஆப்-ஆம்பின் பிளஸ் இன்புட்டுக்கும் போகட்டும். மைனஸ் இன்புட்டுக்கு அதனதன் ஷண்டின் மேல்காலிலிருந்து 1 கிலோஓம் வழியாக இணைப்பு வரட்டும். அவுட்புட்டிலிருந்து 100 ஓம் வழியாகக் கேட். அவுட்புட்டுக்கும் மைனஸ் இன்புட்டுக்கும் நடுவே 1 நானோஃபாரட் கெப்பாசிட்டர், கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே 100 கிலோஓமும் 15 வோல்ட் ஜீனரும்.

கரண்ட் குறைவாக இருக்கும்வரை பிளஸ் இன்புட்தான் மேலே இருக்கும், ஆப்-ஆம்ப் கேட்டை 10 வோல்ட்டுக்குத் தூக்கிப் பிடித்திருக்கும், மாஸ்ஃபெட் முழுதாகத் திறந்திருக்கும். ஷண்டில் 50 மில்லிவோல்ட் வந்ததும் பிடி இறுகும். 10 ஆம்பியரில் மொத்த இழப்பு கால் வோல்ட், மாஸ்ஃபெட் நன்றாகச் சூடானால் 0.4 வரை.

ஆப்-ஆம்பின் சப்ளையை ஒரு டையோடும் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வழியாகக் கொடுங்கள். ஷார்ட் ஆகும் கணத்தில் 12 வோல்ட் சப்ளை துவண்டாலும் மூளைக்கு மின்சாரம் இருக்க வேண்டும். சப்ளை 5 வோல்ட்தான் என்றால் கேட்டைத் திறக்க அது போதாது, ஆப்-ஆம்புக்கு மட்டும் தனியாக 12 வோல்ட் தேவை.

டைமர்

டிரெயினிலிருந்து 100 கிலோஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு 0.47 மைக்ரோஃபாரட். அந்தக் கெப்பாசிட்டரின் வோல்டேஜை எல்.எம் 393 கம்பேரட்டர் 2.5 வோல்ட் ரெஃபரன்ஸோடு ஒப்பிடட்டும்: கெப்பாசிட்டர் பிளஸ் இன்புட்டில், ரெஃபரன்ஸ் மைனஸில். கம்பேரட்டர் அவுட்புட்டை 4.7 கிலோஓமால் மேலே இழுத்துக் கட்டி, அங்கிருந்து ஒவ்வொரு ஆப்-ஆம்பின் மைனஸ் இன்புட்டுக்கும் ஒரு சிறு சிக்னல் டையோடும் 10 கிலோஓமும். கெப்பாசிட்டர் 2.5 வோல்ட்டைத் தாண்டினால் கம்பேரட்டர் மேலே போகும், மைனஸ் இன்புட் அரை வோல்ட் அளவுக்கு உயரும். 50 மில்லிவோல்ட்டுக்குப் பழகிய ஆப்-ஆம்புக்கு அது பேரிடி, கேட்டை உடனே பூஜ்யத்துக்கு இறக்கிவிடும்.

இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. டிரெயினில் முழு 12 வோல்ட் நின்றால் 11 மில்லிவினாடியில் துண்டிக்கும். லோடு கொஞ்சம் அதிகமாக இழுத்து டிரெயினில் 3 வோல்ட்தான் நின்றால் 84 மில்லிவினாடி வரை பொறுக்கும். 2.5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் துண்டிக்கவே துண்டிக்காது, லிமிட்டில் பிடித்தபடி ஓடும். ஆபத்து எவ்வளவோ பொறுமை அவ்வளவு குறைவு. ஆக மாஸ்ஃபெட்டுகள் தொடர்ந்து தாங்க வேண்டிய உச்ச வெப்பம் 2.5 × 10 = 25 வாட். 120 இங்கே 25 ஆகிவிட்டது. ஃபேன் இல்லாத, வாட்டுக்கு 2 டிகிரி ஏறும் ஹீட்சிங்க்கில் ஜங்ஷன் 100 டிகிரியை ஒட்டி நிற்கும்.

டிரெயினிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோஓமும் போடுங்கள். ஷார்ட் இருக்கும்வரை டிரெயின் மேலேயே இருக்கும், துண்டிப்பும் நீடிக்கும். லோடைக் கழற்றியதும் இந்த 10 கிலோஓம் டிரெயினைக் கீழே இறக்கி, ஒரு கண் இமைப்புக்குள் தயார் நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

லோடில் பெரிய கெப்பாசிட்டர் இருந்தால்? 10,000 மைக்ரோஃபாரட்டை 12 வோல்ட்டுக்கு 10 ஆம்பியரில் நிரப்ப 12 மில்லிவினாடி. அதற்குள் டிரெயின் சீராக இறங்கிவருவதால் டைமர் பாதித் தூரத்தைக் கொஞ்சம் தாண்டி நின்றுவிடும். ஆனால் குளிர்ந்த ஹாலஜன் பல்பும் பெரிய மோட்டாரும் இந்த நேரத்துக்குள் எழுந்திருக்காது, டைமர் துண்டித்துவிடும். அவற்றுக்காக 0.47 ஐ நீட்டலாம், ஆனால் நீட்டும்போதெல்லாம் அந்தப் பாதுகாப்பான இயக்கப் பகுதி வரைபடத்துக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

முதல் 20 மைக்ரோவினாடி

ஆப்-ஆம்புக்கு வேகம் குறைவு. ஷார்ட் விழும்போது அது 10 வோல்ட்டில் மல்லாந்து கிடக்கும். அங்கிருந்து இறங்க, மைக்ரோவினாடிக்கு அரை வோல்ட்டுக்கும் குறைவான வேகத்தில், 15 மைக்ரோவினாடியாவது ஆகும். வயர் ஒரு மீட்டருக்குச் சுமார் 1 மைக்ரோஹென்றி. போகவர 2 மீட்டர் என்றால் கரண்ட் மைக்ரோவினாடிக்கு 6 ஆம்பியர் வீதம் ஏறத் தொடங்கும். லிமிட்டர் விழிப்பதற்குள் நூறை நெருங்கிவிடலாம்.

மறக்க வேண்டாம் என்று சொன்ன பழைய சர்க்யூட் இங்கே வருகிறது. ஒவ்வொரு மாஸ்ஃபெட்டுக்கும் ஒரு பி.சி 547: பேஸ் 100 ஓம் வழியாக ஷண்டின் மேல்காலுக்கு, எமிட்டர் கீழ்க்காலுக்கு, கலெக்டர் கேட்டுக்கு. 10 மில்லியோமில் 0.6 வோல்ட் என்றால் 60 ஆம்பியர். அதைத் தொட்டதும் ஆப்-ஆம்புக்காகக் காத்திராமல் கேட்டைக் கீழே இழுத்துவிடும். துல்லியம் இங்கே வேண்டியதில்லை, வேகம் போதும்.

கரண்ட் சட்டென்று நிற்கும்போது வயரின் இண்டக்டன்ஸ் டிரெயினை மேலே உதைக்கும். லோடின் இரு முனைக்கும் குறுக்கே, கேத்தோடு பிளஸ் பக்கம் இருக்கும்படி, ஒரு ஷாட்கி டையோடு போடுங்கள். லோடு பக்கம் கெப்பாசிட்டர் சேர்ப்பதானால் ஒன்றை யோசியுங்கள்: ஷார்ட்டின்போது அதிலிருந்து பாயும் கரண்ட் லிமிட்டரின் கண்ணில் படாது.

சோதிப்பது

மின்சாரம் கொடுத்து, லோடு இல்லாமல், பிரீசெட்டின் நடுக்காலில் 50 மில்லிவோல்ட் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 100 வாட்டுக்கு மேல் தாங்கும் 1 ஓம் கம்பிச்சுற்று மின்தடை ஒன்றை லோடாகக் கட்டுங்கள். லிமிட் இல்லாவிட்டால் 12 ஆம்பியர் இழுக்கும். லிமிட் இருந்தால் மின்தடையின் இரு முனைக்கும் நடுவே மல்டிமீட்டர் 10 வோல்ட் காட்ட வேண்டும், 1 ஓம் என்பதால் வோல்ட்டே ஆம்பியர். மிச்சம் 2 வோல்ட்தான் டிரெயினில் நிற்கும் என்பதால் டைமரும் குறுக்கிடாது, நிதானமாகச் சரிசெய்யலாம். மின்தடை பயங்கரமாகச் சூடாகும், மேசையில் நேரடியாக வைக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சர்க்யூட்டில் லோடின் மைனஸும் சப்ளையின் மைனஸும் ஒன்றல்ல. யு.எஸ்.பி. கேபிளோ, இரும்புப் பெட்டியோ, ஆசிலோஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்போ இரண்டையும் இணைத்துவிட்டால் கரண்ட் லிமிட்டரைச் சுற்றிப் போய்விடும். ஹீட்சிங்க்கும் டிரெயினோடு ஒட்டியது, அதுவும் பெட்டியைத் தொடக் கூடாது.

கடைசியாக ஷார்ட். ஆசிலோஸ்கோப்பை ஒரு ஷண்டின் குறுக்கே, கிளிப் கீழ்க்காலில் இருக்கும்படி வைத்து, தடித்த வயரால் அவுட்புட்டைத் தொடுங்கள். ஒரு கூர்மையான முள் எழும், உடனே 50 மில்லிவோல்ட்டில் தட்டையாக நிற்கும், 11 மில்லிவினாடியில் பூஜ்யத்துக்கு விழும். அந்தத் தட்டைப் பகுதியை விரித்துப் பாருங்கள். கோடு மெல்லியதாக இருந்தால் நல்லது. கம்பளிப்பூச்சி போல ரோமம் அடர்ந்து தடித்திருந்தால் சர்க்யூட் அலைகிறது என்று பொருள், மல்டிமீட்டரில் அது தெரியவே தெரியாது. 1 நானோஃபாரட்டை 2.2 ஆக்குங்கள், கேட்டின் 100 ஓமை 220 ஆக்குங்கள், மறுபடி ஷார்ட் செய்து அதே இடத்தை விரித்துப் பாருங்கள்.